இதற்காகவும் கீழே இறங்காதீர்கள்

சவ்வாது மலையின் நெல்லிவாசல்நாட்டில் பாஞ்சோ பழகும் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தம்பிகளே, தங்கைகளே,

சேர்ந்து பணம் போட்டு வாங்கிய பாஞ்சோவை விற்றுத் தரச் சொல்லி நீங்கள் அனுப்பிய செய்தி கிடைத்தது. விற்றுத் தர மாட்டேன். ஆள் கிடைக்காது என்பதால் அல்ல. திருப்பத்தூரில் பாதி விலைக்கு வாங்கிச் சுவரில் அழகுக்கு மாட்டிவைக்க ஆள் உண்டு. அதற்குத் தரகு பார்க்க எனக்கு மனம் இல்லை. அண்ணன் கோபமாக எழுதுகிறார் என்று தோன்றினால், தோன்றட்டும். கோபம் உங்கள் மேல் இல்லை.

இதைப் போனிலேயே சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் புதூர்நாட்டிலும் புங்கம்பட்டுநாட்டிலும் ஜமுனாமரத்தூர்ப் பக்கமும் கித்தாரோ கீபோர்டோ வாங்கி, கொஞ்ச நாள் தட்டிப் பார்த்துவிட்டு, நமக்கு வராது என்று பரணில் ஏற்றியவர்கள் இருக்கிறார்கள். வாத்தியம் பழுது பார்த்துப் பிழைப்பவன் நான். அப்படிப் பரண் ஏறிய சாமான்கள் சில என் பட்டறைக்கும் வந்திருக்கின்றன. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லோருக்கும் தெரிய எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன காரணங்கள் இரண்டு. வாத்தியம் மட்டமான சரக்கு. உங்கள் விரலுக்கு அது வராது. இரண்டையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ், அதாவது குதிரை, தன் இடத்தை விட்டு இரண்டு விரற்கடை பின்னால் போய், அங்கேயும் நேராக நிற்காமல் கழுத்துப் பக்கம் சாய்ந்திருக்கிறது. தந்திகளின் கடைசி முனையைப் பிடிக்கும் வால்தகடு ஒருபுறமாகத் திரும்பியிருக்கிறது. அதனால் முதல் தந்தி கழுத்தின் ஓரத்தில் இப்போதோ அப்போதோ விழுந்துவிடுவது போல ஓடுகிறது. தோலை அழுத்திப் பிடிக்கும் இரும்பு வளையம் கழுத்துப் பக்கம் ஏறியும் எதிர்ப்பக்கம் இறங்கியும் கிடக்கிறது. இந்தக் கோலத்தில் அதைக் கையில் கொடுத்தால் ஏர்ல் ஸ்க்ரக்ஸே எழுந்து வந்து வாசித்தாலும் அபசுரம்தான் வரும். 1945இல் பில் மன்றோவின் இசைக்குழுவில் சேர்ந்து, மூன்று விரல் வாசிப்பால் அமெரிக்காவையே திரும்பிப் பார்க்க வைத்த மனிதர் அவர். உங்கள் விரல்கள்மேல் பழி போடுவதற்கு முன் அந்தக் குதிரையைப் பாருங்கள்.

பாஞ்சோவின் குதிரை ஒட்டப்பட்டதல்ல. தந்திகளின் அழுத்தம் மட்டுமே அதை நிறுத்தி வைத்திருக்கிறது. பெட்டியில் அனுப்பும்போது தந்தியைத் தளர்த்திக் குதிரையைப் படுக்க வைத்துத்தான் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் வழியில் தோல் கிழியக் கூடும். அதில் குற்றமில்லை. பெட்டியைத் திறக்கிறவர் அதை நிமிர்த்தி, அளந்து, உரிய இடத்தில் வைக்க வேண்டும் என்று வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் ஒரு வரி சொல்லாமல் அனுப்புவதுதான் குற்றம். உங்களுக்கு வந்த தாளைப் பார்த்தேன். எறும்பு எழுத்தில் முழுவதும் ஆங்கிலம். விற்றவருக்குப் பணம் வந்துவிட்டது; பெட்டி மலை ஏறியதோடு அவர் வேலையும் முடிந்துவிட்டது. முடிக்காத வாத்தியத்தை முடித்ததாகச் சொல்லி உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். வீடியோவில் சொல்லித் தருகிறவர்களும் முதல் பாடத்திலேயே பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் வாத்தியத்தை யாரோ ஏற்கெனவே சரிசெய்து கொடுத்திருப்பது படத்தில் தெரிவதில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் போன கடையில், "இதெல்லாம் சென்னைக்குத்தான் கொண்டுபோகணும், செலவுக்குக் கட்டாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அங்கேதான் எனக்கு மனம் கொதித்தது. ஒரு ஸ்பானரும் ஒரு முழ நூலும் கேட்கிற வேலைக்குச் சென்னையா?

ஆஸ்பத்திரி என்றால் இறங்குகிறீர்கள். பேங்க் என்றால் இறங்குகிறீர்கள். சாதிச் சான்றிதழுக்கும் கல்லூரிக்கும் இறங்குகிறீர்கள். 2019இல் திருப்பத்தூர் தனி மாவட்டமாகி, வேலூர் வரைக்கும் போக வேண்டிய சில அலைச்சல்கள் குறைந்தன. மலைப்பாதை வளைவுகள் குறையவில்லை. சாமையும் புளியும் கடுக்காயும் இறங்குகிற அதே பாதையில் நீங்களும் ஒவ்வொரு தேவைக்கும் இறங்கி, ஒரு நாள் கூலியை விட்டு, யாரோ ஒருவர் மேசைக்கு எதிரே நின்றுவிட்டு ஏறுகிறீர்கள். அவற்றில் பலவற்றுக்கு உங்களிடம் இப்போதைக்கு வழி இல்லை. இதற்கு இருக்கிறது. வாத்தியத்தை இறுக்குவதற்கும் தளர்த்துவதற்கும் கீழே ஒருவன் வேண்டும் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். அந்த ஒருவனாக இருந்து காசு பார்க்கிற நானே சொல்கிறேன்.

அது மட்டுமல்ல, பாஞ்சோ உங்களுக்கு அந்நியமான சாமானும் அல்ல. கழுத்தையும் தந்தியையும் கழற்றி வைத்துவிட்டுப் பாருங்கள். மிஞ்சுவது ஒருமுகப் பறை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் சுரைக்குடுவையில் தோல் போர்த்திச் செய்துகொண்ட வாத்தியத்தின் பிள்ளை இது. ஆணியடித்து நிறுத்திய அந்தத் தோல் ஈரக்காற்றில் தொய்ந்தால் மறுபடி இழுக்க வழி இருக்கவில்லை. 1840களில் பால்டிமோர் நகரத்தில் முரசு செய்துகொண்டிருந்த வில்லியம் பவுச்சர் போன்றவர்கள்தான் முரசுக்குப் போடும் வளையத்தையும் கொக்கியையும் திருகையும் பாஞ்சோவுக்குக் கொண்டுவந்தார்கள். உங்கள் வாத்தியத்தைச் சுற்றி வரிசையாக நிற்கிற கொக்கிகள் அந்த வழியில் வந்தவை. நம் ஊரிலும் தவில்காரர்கள் வார் பிடித்து இழுத்த காலம் போய், இன்று பெரும்பாலும் இரும்பு வளையமும் நட்டும் போல்ட்டுமாகத்தான் வாசிக்கிறார்கள். பறையடிப்பவர் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சும்போது, நடுவில் ஒரு தட்டு, ஓரத்தில் ஒரு தட்டு தட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும் என்று காதாலேயே முடிவு செய்வதைப் பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு வேண்டியது அந்தக் காதுதான். நெருப்புக்குப் பதில் ஸ்பானர். தோலும் இப்போது தோல் இல்லை. 1957இல் ரெமோ பெல்லி தொடங்கிய நிறுவனம் முரசுகளுக்கு பிளாஸ்டிக் முகங்களைப் பரப்பிய பிறகு பாஞ்சோவுக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. மலை மூடுபனி அதை ஒன்றும் செய்யாது.

ஆகவே வேலையைத் தோலிலிருந்து தொடங்குங்கள். பின்னால் மரக் கிண்ணம் பொருத்தியிருந்தால் அதன் திருகுகளைக் கழற்றி எடுத்துப் பத்திரமாக வையுங்கள். தந்திகளை நன்றாகத் தளர்த்திக் குதிரையை எடுத்துவிடுங்கள். ஒரு கையால் தோல் போர்த்திய வட்டையும் மறு கையால் கழுத்தையும் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். 'டொக்' என்று ஆடினால், வட்டுக்குள் கழுத்தைப் பிடித்திருக்கும் நட்டு தளர்ந்திருக்கிறது. அதை முதலில் இறுக்குங்கள், ஆட்டம் நின்றால் போதும். உள்ளே குறுக்கே ஓடும் கம்பியின் நட்டுகளைத் திருகித் தந்தியின் உயரத்தைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். குறையும், வட்டும் கோணும்.

இனி அந்த வளையம். கழுத்துப் பக்கம் ஏறியிருக்கிறது என்றேன் அல்லவா? காரணம் எளிது. கழுத்துக்கு அடியில் இருக்கும் கொக்கிகளுக்கு ஸ்பானர் சுலபமாகப் போகாது. அதனால் எல்லோரும் அவற்றை விட்டுவிட்டு, கைக்கு எட்டுகிறவற்றையே முடுக்குவார்கள். நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள் என்று படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எதிர்ப்பக்கத்துக் கொக்கிகளைச் சற்றுத் தளர்த்தி, கழுத்துப் பக்கத்தைச் சற்று முடுக்கி, வளையத்துக்கும் வட்டின் விளிம்புக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒன்றாகும்வரை கொண்டுவாருங்கள். கொக்கிகள் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்புறம் வண்டிச் சக்கரத்து நட்டுகளை எதிரெதிராக முடுக்குகிற மாதிரி, ஒன்று இங்கே, அடுத்தது நேர் எதிரே. ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கும் குறைவு. கட்டிங் பிளேயரால் பிடிக்காதீர்கள், நட்டின் முனை மழுங்கும். 7 மில்லி பாக்ஸ் ஸ்பானர் பெரும்பாலும் பொருந்தும். வாங்கும் முன் ஒரு நட்டைக் கழற்றிக்கொண்டு போய்க் கடையில் மாட்டிப் பாருங்கள்.

எவ்வளவு இறுக்குவது என்பது ஸ்பானருக்குத் தெரியாது. பென்சிலைத் திருப்பிப் பிடித்து ரப்பர் முனையால் ஒவ்வொரு கொக்கிக்கும் நேரே, வளையத்திலிருந்து ஒரு அங்குலம் உள்ளே தட்டுங்கள். எல்லா இடத்திலும் ஒரே சுருதி கேட்க வேண்டும். ஓரிடத்தில் கம்மியாக, தொளதொளவென்று கேட்டால் அந்தக் கொக்கிக்கு ஒரு சிறு முடுக்கு. நீங்கள் போனில் பேசிய அன்று பின்னாலிருந்து ஒரு தங்கை, "ரெண்டாவது கம்பி ஏறிக் கிடக்குண்ணா" என்று சொன்னாள். பதிவைக் கேட்டுப் பார்த்தேன், ஏறித்தான் கிடந்தது. தட்டிக் கேட்கிற வேலையை அவளிடம் விடுங்கள். தம்பிமார் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு தங்கைகளைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிற வழக்கம் இந்த வேலையில் வேண்டாம். 11 அங்குல முகம் என்றால், போனில் இருக்கும் டியூனர் ஜி-க்கும் ஜி ஷார்ப்புக்கும் இடையில் காட்டும்போது நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேலும் இறுக்கினால் கொஞ்ச நேரம் கணீரென்று கேட்கும், பிறகு பிளந்துகொள்ளும். ஒரே மூச்சில் அந்தச் சுருதிக்குப் போக வேண்டியதில்லை. பாதி தூரம் இறுக்கி ஒரு இரவு விட்டுவிட்டு, மறுநாள் மீதியை இறுக்குங்கள்.

அடுத்தது வால்தகடு. அதைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி, கழுத்தின் நடுக்கோட்டுக்கு நேராகத் திருப்பி மறுபடி இறுக்குங்கள். தகடு தோலைத் தொடக் கூடாது. இது ஐந்து நிமிட வேலை. இதற்குத்தான் அந்த முதல் தந்தி இத்தனை நாள் விளிம்பில் தள்ளாடியது.

குதிரைக்கு வருவோம். இங்கே அவசரப்படாதீர்கள். கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் பள்ளத்தில் உட்காருகிற வெள்ளைத் துண்டு இருக்கிறதே, அங்கே நூலின் ஒரு முனையை வைத்து, கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளில் பன்னிரண்டாவது வரை, அதாவது 12ஆம் ஃபிரெட் வரை இழுத்து அளவெடுங்கள். அதே அளவை 12ஆம் ஃபிரெட்டிலிருந்து தோலின் பக்கம் வையுங்கள். நூல் எங்கே முடிகிறதோ அங்கேதான் குதிரை. ஐந்து தந்திப் பாஞ்சோ பலவற்றில் இந்தப் பாதி நீளம் ஏறக்குறைய 33½ சென்டிமீட்டர் வரும். ஆனால் என் எண்ணை நம்ப வேண்டாம், உங்கள் நூலை நம்புங்கள். குதிரையின் நேரான முகம் வால்பக்கமும் சரிவான முகம் கழுத்துப் பக்கமும் இருக்க வேண்டும். தந்திகளை ஒவ்வொன்றாக, சிறிது சிறிதாக ஏற்றுங்கள். ஏற்றும்போது ஒருவர் குதிரையின் தலையைப் பிடித்துக்கொள்ளட்டும், அது கழுத்துப் பக்கம் சாயப் பார்க்கும்.

நூல் காட்டுவது தோராயம்தான். கடைசித் தீர்ப்பு காதுக்கு. முதல் தந்தியை 12ஆம் ஃபிரெட்டுக்கு நேரே விரலால் தொட்டும் தொடாமலும் மீட்டினால் மணி போல ஒரு சுரம் வரும். அதே இடத்தில் அழுத்தி மீட்டினாலும் அதே சுரம் வர வேண்டும். அழுத்தியது ஏறிக் கேட்டால் குதிரையை மயிரிழை அளவு வால்பக்கம் தள்ளுங்கள்; இறங்கிக் கேட்டால் கழுத்துப் பக்கம். இப்போது இருக்கும் இடத்தில் உங்களுக்கு இறங்கித்தான் கேட்கும். கழுத்தில் மேலே போகப் போகச் சுரம் கெட்டுப்போகிறது என்று நீங்கள் சொன்னது இதனால்தான். முதல் தந்திக்குச் சரிசெய்ததும் நான்காவதற்கும் பாருங்கள். பருத்த தந்தியின் பக்கம் குதிரை ஒரு நெல்மணி அளவு பின்னால் நிற்க வேண்டியிருக்கும். இரண்டும் ஒத்துவந்ததும் குதிரைக் கால்களைச் சுற்றித் தோலில் மெல்லிய பென்சில் கோடு போட்டுவிடுங்கள். அடுத்த முறை யார் கைபட்டு நகர்ந்தாலும் நூல் தேட வேண்டாம்.

12ஆம் ஃபிரெட்டில் தந்தியின் உயரம் 3 மில்லிமீட்டர் சுற்றி இருந்தால் புதுக் கைக்கு நல்லது. குறைவாக இருந்தால் இப்போதைக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். தோல் சரியாக இறுகியதும் பாதிக் குறை தானே தீர்ந்துவிடக் கூடும். ஏனென்றால் குதிரை நிற்பது தோலின் மேல், தோல் தொய்ந்தால் குதிரையும் தந்தியும் சேர்ந்து இறங்கும், இறுகினால் சேர்ந்து ஏறும். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை மட்டும் தொடாதீர்கள். உங்கள் சந்தேகம் அதில் வந்து நின்றால் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.

ஐந்தாம் தந்தியின் கீ வழுக்கி வழுக்கிச் சுருதி இறங்குகிறது என்கிறீர்கள். அதன் காதில் இருக்கும் சின்ன ஸ்குரூவைச் சற்று முடுக்குங்கள். அவ்வளவுதான் அதன் வியாதி.

தந்தி அறுந்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். கடையில் வெறுமனே 'பாஞ்சோ தந்தி' என்று கேட்டால் பொத்தான் வைத்து அழுத்தி வாசிக்கிற புல்புல் தரங்கின் தந்தியை எடுத்துப் போடலாம். இந்தியாவில் பல இடங்களில் அதற்கும் பாஞ்சோ என்றுதான் பெயர். 1912இல் ஜப்பானின் நகோயாவில் உருவான தைஷோகோத்தோவின் வழியில் வந்தது, உங்கள் வாத்தியத்துக்கு உறவே இல்லை. உங்களுடைய தந்திக்கு முனையில் கண்ணி இருக்கும். அது கிடைக்காவிட்டால், முதல் தந்திக்கும் ஐந்தாம் தந்திக்கும் கித்தார் தந்தியில் 0.009 அல்லது 0.010 அங்குல அளவு வாங்கி, முனையில் இருக்கும் பித்தளைக் குண்டைக் குறடால் நசுக்கி எடுத்துவிடுங்கள். மிஞ்சுகிற வளையமே கண்ணி. கித்தார் தந்தி திருப்பத்தூரில் எந்த நாளும் கிடைக்கும், ஊரிலிருந்து யாராவது ரேஷனுக்கோ ஆஸ்பத்திரிக்கோ இறங்கும்போது வாங்கிவரச் சொன்னால் ஆயிற்று.

மார்கழிக் குளிரில் விடியற்காலை சுருதி சேர்த்துவிட்டு, வெயில் ஏறியதும் கலைந்துபோனால் மறுபடியும் வாத்தியத்தைத் திட்டாதீர்கள். இரும்புத் தந்தி குளிரில் சுருங்கி ஏறும், சூட்டில் நீண்டு இறங்கும். அது இயற்கை. வாசிக்கும் இடத்தில் அரைமணி வைத்திருந்து பிறகு சுருதி சேருங்கள். அடுப்புக்கு மேல் பரணில் மட்டும் வைக்காதீர்கள்.

இவ்வளவையும் ஏன் இப்படி நீட்டி எழுதினேன் என்றால், இதில் எதுவும் உங்களால் முடியாததல்ல என்று காட்டத்தான். இதே சவ்வாது மலையில், காவலூரில், 2.34 மீட்டர் கண்ணாடி வைத்த தொலைநோக்கி 1986இலிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவு பெரிய கருவியையும் மனிதர்கள் அவ்வப்போது நேர்படுத்திக்கொண்டேதான் இருக்க வேண்டும். கருவி என்றால் கூடவே அந்த வேலையும் உண்டு. வாசிப்பது உயர்ந்தது, நட்டு முடுக்குவது மெக்கானிக் வேலை என்று பிரித்து வைத்தவர்கள், பெரும்பாலும், தங்களுக்கு முடுக்கிக் கொடுக்க ஆள் வைத்துக்கொள்ள முடிந்தவர்கள். உங்களுக்கு அந்த வசதி இல்லை. அதனால் நீங்கள் அவர்களைவிட நல்ல வாத்தியக்காரர்கள் ஆவதற்கு வாய்ப்பு இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

இப்போது என் வேண்டுகோளுக்கு வருகிறேன். சாமை அறுப்பு முடிந்து கை ஓய்ந்த ஒரு நாள், பணம் போட்ட எல்லோரும் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே தொடங்குங்கள். ஒருவர் செய்ய மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதாக இருக்கக் கூடாது. ஸ்பானர் ஒவ்வொரு கைக்கும் போய் வர வேண்டும். அந்த ஸ்பானரையும் நூலையும் ஒரு பழைய தந்திச் சுருளையும் ஒரு டப்பாவில் போட்டு ஊருக்குப் பொதுவாக வையுங்கள். நாளை இன்னொரு வீட்டுப் பிள்ளை ஏதாவது ஒரு வாத்தியத்தை வாங்கிவந்தால், பாட்டுச் சொல்லித் தருவதற்கு முன் அந்த டப்பாவைத் திறந்து காட்டுங்கள்.

எல்லாம் ஆனதும் சிக்னல் கிடைக்கிற பாறைக்குப் போய் எனக்கு ஒரு பதிவு அனுப்புங்கள். பாட்டு வேண்டாம். ஐந்து தந்திகளையும் திறந்தபடி ஒருமுறை, 12ஆம் ஃபிரெட்டில் அழுத்தி ஒருமுறை, தோலைச் சுற்றித் தட்டி ஒருமுறை. அதைக் கேட்ட பிறகும் உங்களுக்கு விற்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், பாதி விலைக்கல்ல, போட்ட பணத்துக்கே விற்றுத் தருகிறேன். அப்போது அது முடித்த வாத்தியமாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்,
திருப்பத்தூர்